ஹங்கேரியப் பிரபுவின் மகன்

போன செவ்வாய்க்கிழமை யூ-பான் பாதாள ரயிலில் ஒரு காரியம் செய்தேன். முன்பின் தெரியாத ஒரு பெண்மணியின் குறுக்கெழுத்துப் போட்டியில் மூக்கை நுழைத்தேன்.

பேர்லினில் நொய்கெல்ன் நிலையத்தில் ஏறியிருந்தேன். இருக்கை காலியாகத்தான் இருந்தது. ஆனால் நான் ரயிலில் உட்காருகிற ஆள் இல்லை. இந்தப் பத்தியை வாராவாரம் வாசிப்பவர்களுக்கு இது தெரியும். உட்கார்ந்தால் என் கால் ஆடும். கால் ஆடினால் பக்கத்தில் இருப்பவர் முறைப்பார். ஆகவே நிற்பேன். நின்றால் கண் சும்மா இருக்குமா? அது அடுத்தவர் மடியில் இருக்கிற பத்திரிகைக்குப் போய்விடும்.

அந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார். எல்லாக் கட்டமும் நிரம்பி ஒரே ஒரு வரிசை மட்டும் பாக்கி. 'ஹங்கேரியப் பிரபுப் பட்டம், ஆறு எழுத்து' என்று ஜெர்மனில் குறிப்பு.

"கெஷ்பான்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். குனிந்து எழுதிப் பார்த்தார். கட்டத்துக்குள் அச்சாக உட்கார்ந்துவிட்டது. மறுபடி நிமிர்ந்தார். என் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை.

"நீங்கள் ஹங்கேரியரா?"

"இல்லை. என் அப்பா கொஞ்சக் காலம் அந்தப் பதவியில் இருந்தவர்."

அதற்குள் நான் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. இறங்கிவிட்டேன். அவருடைய முகத்தைத் திரும்பிப் பார்த்திருக்கலாம்... பார்க்கவில்லை. ஆனால் ஒன்று — நான் அவருக்குப் பொய் சொல்லவில்லை. மேற்கு ஜெர்மன் அரசாங்கத்தின் ஒரு பைலில், பதினொரு மாதம், என் அப்பா ஹங்கேரியப் பிரபுவாக இருந்தார். அவரைப் பிரபு ஆக்கியதில் பாதிப் பங்கு எனக்கு உண்டு.

எண்பத்தைந்தாம் ஆண்டு. கிழக்கு பேர்லினில் விமானத்தால் இறங்கி, மேற்கு பேர்லினுக்குள் வந்து, அங்கிருந்து டோர்ட்மண்ட் பக்கம் ஒரு சிறிய நகரத்துக்கு அனுப்பப்பட்டேன். எனக்கு இருபத்திரண்டு வயது. ஒரு பழைய பள்ளிக்கூடம்தான் அகதி விடுதி. ஓர் அறையில் நான்கு பேர். வேலை செய்யத் தடை. நகர எல்லையைத் தாண்டவும் தடை. கையில் தந்த தாளில் 'அர்பைட்', அதாவது வேலை, என்ற சொல்லைக் கண்டு, அதன் பக்கத்திலேயே 'அனுமதி இல்லை' என்று இருந்ததால், நான் படித்த முதல் ஜெர்மன் சொல் அதுவாகிப் போனது.

வேலை இல்லாதவன் என்ன செய்வான்? நடப்பான். காலையில் புறப்பட்டு நகரத்தின் பெயர்ப்பலகை நிற்கிற இடம்வரை போவேன். அதற்கு அப்பால் ஓரடி வைக்கக் கூடாது. பலகையைத் தொட்டுவிட்டுத் திரும்புவேன். பின்னேரம் அடுத்த பக்கத்துப் பலகை. அந்த ஊரில் தபால்காரனைவிட அதிகம் நடந்தவன் நான்தான்.

வந்து இரண்டாவது வாரம் 'அன்ட்ராக்' எழுதச் சொன்னார்கள். அதுதான் தஞ்சம் கேட்கும் விண்ணப்பம். சொந்த வரலாறு, ஏன் ஓடி வந்தாய், பெற்றோர் யார், அவர்கள் தொழில் என்ன — எல்லாம் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் எழுதினால் தேவாலயத்திலிருந்து ஒருவர் ஜெர்மனில் தட்டச்சு செய்து தருவார்.

நான்கு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். இங்கேதான் நாங்கள் செய்த பிழை. யாழ்ப்பாணத்தான் மட்டுமே செய்யக்கூடிய பிழை. அகதி விண்ணப்பத்தை நாங்கள் கல்யாணத் தரகரிடம் கொடுக்கிற குறிப்பு மாதிரி நிரப்பினோம்!

என் எதிரே ராசன். எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரன். அவன் தகப்பன் தபால் அதிபர் என்று எழுதினான். எழுதும்போதே சத்தமாக வாசித்தான். அடுத்தவனின் தகப்பன் தலைமையாசிரியர். மூன்றாமவனின் தகப்பன் நீதிமன்றத்தில் முதலியார், சாட்சிகளுக்கு மொழிபெயர்க்கிற உத்தியோகம். பேனாக்கள் நின்றன. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"உன்ர கொப்பர் என்ன செய்யிறவர் மச்சான்?"

என் அப்பா சுருட்டுச் சுற்றுகிறவர். இன்னொருவரின் கொட்டிலில், காலையிலிருந்து இரவுவரை, சப்பாணி கட்டி உட்கார்ந்து, விரல் நுனி கறுத்துப்போகும்வரை சுற்றுகிறவர். நாங்கள் குடியிருந்த காணிக்கு மட்டும் ஒரு பெரிய பெயர் இருந்தது. விதானையார் வளவு. ஒரு காலத்தில் ஊர் விதானையார் ஒருவர் அங்கே இருந்தாராம். விதானையார் என்றால் அரசாங்கம் நியமிக்கிற ஊர்த் தலைவர். அந்தப் பதவிக்குப் பெயர் மாறி எவ்வளவோ காலம். அந்த வளவில் ஒரு மூலையில் ஓலை வீடு கட்டியிருக்க எங்களை விட்டிருந்தார்கள்.

"நாங்கள் விதானையார் வளவு" என்றேன்.

"ஓ... விதானையாற்ற மகனோ!"

நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எழுதினேன். தகப்பன் தொழில்: ஊர்த் தலைவர்.

பிற்காலத்தில் நான் பல விடுதிகளுக்குப் போயிருக்கிறேன். எங்கேயும் ஒருவருடைய தகப்பனும் தோட்டக்காரர் இல்லை. எல்லாரும் பள்ளிக்கூட அதிபர், தபால் அதிபர், கிளார்க், ஓவசியர். அப்படியென்றால் யாழ்ப்பாணத்தில் இத்தனை வெங்காயத்தையும் யார் நட்டது?

தேவாலயத்திலிருந்து என் தாளைத் தட்டச்சு செய்தவர் ஹெர் பாலோக், அதாவது திருவாளர் பாலோக். அவரே ஓர் அகதி. ஐம்பத்தாறில் ஹங்கேரியிலிருந்து நடந்து வந்தவர். இங்கே இருபத்தைந்து வருடம் பள்ளிக்கூட வாத்தியார். அப்போது ஓய்வு பெற்றிருந்தார். மனைவி இல்லை. தனது சமையலறையில் ஒரு பெரிய தட்டச்சு இயந்திரமும் அதைவிடப் பெரிய அகராதிகளும் வைத்துக்கொண்டு, எங்களுக்குக் காசு வாங்காமல் எழுதித் தந்தார். அவர் எழுதித் தந்ததில் நான் கையெழுத்துப் போட்டேன். ஜெர்மன் தெரியாது. அது போய்ப் பைலில் ஏறியது.

பதினொரு மாதத்துக்குப் பிறகு விசாரணைக்கு டெர்மின் வந்தது. குறித்த ஒரு நாள், குறித்த ஒரு மணி. அன்று அதிகாரி என்னை நம்பினால் இருக்கலாம். நம்பாவிட்டால் திருப்பி அனுப்பலாம். அவ்வளவுதான். ஊரில் இராணுவம் என்னைச் சுற்றிவளைப்பில் பிடித்துப் பதினெட்டு நாள் வைத்திருந்து, பிறகு விட்டிருந்தது. இரண்டாம் முறை தேடி வந்தபோது நான் வீட்டில் இல்லை. மூன்றாம் முறை என்ன நடக்கும் என்று யோசிக்க எனக்குத் தைரியம் இல்லை.

டெர்மினுக்கு மூன்று நாள் இருக்கும்போது ஹெர் பாலோக் கூப்பிட்டார். எழுதியதை ஒருமுறை வரிவரியாகப் பார்ப்போம் என்றார். அவர் கதிரையில் இருந்தார். நான் அடுப்புக்கும் ஜன்னலுக்கும் இடையில் நடந்துகொண்டிருந்தேன். அப்பாவின் வரி வந்தது. 'கெஷ்பான்.'

"இது என்ன சொல்?" என்று கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஐயையோ, என்ன மலர்ச்சி! மனிதர் இந்தக் கேள்விக்காகவே பதினொரு மாதம் காத்திருந்திருக்கிறார்.

"இது ஜெர்மன் சொல்லே இல்லை. ஜெர்மன் சட்டை போட்டுக்கொண்டிருக்கிறது" என்றார்.

அகராதிகள் இறங்கின. ஸ்லாவிய இனத்தவர் தங்கள் வட்டாரத் தலைவனை 'ஷுபான்' என்றார்களாம். ஹங்கேரியர் அவர்களிடமிருந்து எடுத்து 'இஷ்பான்' ஆக்கினார்கள். அரசனுக்காக ஒரு மாவட்டத்தையே ஆண்டவன்தான் இஷ்பான். ஜெர்மன்காரர் அதை ஹங்கேரியரிடமிருந்து வாங்கி 'கெஷ்பான்' என்றார்கள். கூட்டாளி என்ற பொருளில் அவர்களிடம் ஏற்கெனவே அதே சாயலில் ஒரு பழைய சொல் இருந்ததால், வந்தவனுக்கு அந்தச் சட்டை அளவாக இருந்ததாம்.

"அந்த ஷுபான் எங்கே இருந்து வந்தான்?"

"அதுதான் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. பண்டிதர்கள் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள்."

எல்லை எல்லையாகத் தாண்டி, ஒவ்வொரு எல்லையிலும் பெயரைக் கொஞ்சம் மாற்றி, எங்கே பிறந்தான் என்பதற்குச் சரியான பத்திரம் இல்லாமல்... இவனும் நம்முடைய ஆள்தான் என்று எனக்குத் தோன்றியது. வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன்.

"என் அப்பா மாவட்டம் ஆண்டவர் இல்லையே" என்றேன்.

"இல்லை, இல்லை. பிற்காலத்தில் அந்தச் சொல் இறங்கிவிட்டது. எங்கள் ஊரில் பண்ணையில் கூலிக்காரர்களை மேய்க்கிறவனும் இஷ்பான்தான். பிரபுவுக்கும் மேற்பார்வைக்காரனுக்கும் நடுவில் உன் அப்பா வருகிறார். இதைவிடப் பொருத்தமான சொல் ஜெர்மனில் கிடையாது." கொஞ்சம் நிறுத்தினார். பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார், "உண்மையைச் சொன்னால், முப்பது வருடமாக இந்தச் சொல்லை எழுத எனக்கு ஓர் இடம் கிடைக்கவில்லை."

அவருக்கு ஊர் ஞாபகம். எனக்கு டெர்மின் ஞாபகம்.

அன்று பின்னேரம் பெயர்ப்பலகைக்கும் விடுதிக்கும் இடையில் நான்கு தரம் நடந்தேன். உண்மையைச் சொன்னால் என்ன? ராசனிடம் மட்டும் மெல்ல ஒரு பேச்சுக்குக் கேட்டேன் — விண்ணப்பப் போர்மில் ஒரு சின்னப் பிழை, திருத்தலாமா என்று. என்ன பிழை என்று சொல்லவில்லை.

"விசரோ உனக்கு? ஒண்டையும் மாத்தாதை. ஒண்டு பொய்யெண்டா முழுக்கப் பொய்யெண்டு சொல்லிப்போடுவாங்கள்."

அதுவும் சரிதானே? தகப்பன் விஷயத்தில் பொய் சொன்னவன் பதினெட்டு நாள் விஷயத்தில் உண்மை சொல்லுவானா? நான் வாயை மூடிக்கொண்டேன். மூன்று நாளும் சாப்பாடு இறங்கவில்லை.

விசாரணை அலுவலகத்தின் நடையில் மொழிபெயர்ப்பாளர் எனக்கு முன்னமே வந்திருந்தார். நம்மவர். டை கட்டி, தலையை எண்ணெய் வைத்து வாரியிருந்தார். ஜெர்மன்காரர் இன்னும் கதவே திறக்கவில்லை, இவர் விசாரணையைத் தொடங்கிவிட்டார்.

"தம்பி எந்த இடம்?"

சொன்னேன்.

"அங்கை ஆற்ற மகன்?"

யாருடைய மகன்! உலகத்தில் எந்த நாட்டு அதிகாரியும் இதைவிடக் கூர்மையான கேள்வி கேட்டதில்லை. ஊர் கேட்பார்கள். பிறகு பகுதி கேட்பார்கள். பிறகு தகப்பன் பெயர். மூன்று கேள்வியில் நமது சாதகம் முழுவதும் அவர்கள் கையில்.

"விதானையார் வளவு, அண்ணை" என்றேன். வாய் பழகிவிட்டது.

"ஓஹோ!" என்றார். அந்த 'ஓஹோ'வில் ஒரு மரியாதை ஏறியது. எனக்கு வியர்த்தது.

உள்ளே போனோம். அதிகாரி ஐம்பது வயது மனிதர். மூக்குக்கண்ணாடி. கையில் சிறிய ஒலிப்பதிவுக் கருவி. நாங்கள் சொல்வதை அவர் தன் வார்த்தையில் அதற்குள் சொல்லிக்கொள்வார். முதல் பக்கத்திலேயே அவர் விரல் நின்றது. ஓரத்தில் பென்சிலால் ஏதோ எழுதியிருந்தது. அகராதி பார்த்திருக்கிறார்!

"உங்கள் தகப்பன் ஹங்கேரியப் பிரபுவா?" என்று கேட்டார். சிரிக்கவில்லை.

மொழிபெயர்ப்பாளர் கேள்வியை எனக்குச் சொல்லிவிட்டு, நான் வாய் திறப்பதற்குள் தானே விளக்கினார். அது ஊர்த் தலைவர் பதவி, அரசாங்க உத்தியோகம், மதிப்பான குடும்பம். அதிகாரி தலையாட்டினார். பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"அப்படியானால் உங்கள் தகப்பன் அரசாங்கத்தின் ஆள். அந்த அரசாங்கத்தின் ஆளுடைய மகனை அந்த அரசாங்கத்தின் இராணுவம் ஏன் தேடுகிறது?"

மேசைக்கடியில் என் கால் ஆடியது, கதிரையும் சேர்ந்து ஆடியது. எழுந்து நடக்க வேண்டும்போல இருந்தது. கதவு பக்கத்தில்தான். எங்கே போவேன்? பெயர்ப்பலகைவரைதானே?

அந்த நேரம் எனக்கு வந்தது பயம் இல்லை. கோபம். என் மேலேயே கோபம். ஊரில் என்னைப் பிடித்துப் போனபோது அந்தப் பதினெட்டு நாளும் முகாம் வாசலில் வந்து நின்றது யார்? விதானையாரா? வேலைக்குப் போகாமல், கூலி இல்லாமல், அந்தக் கறுத்த விரல்களோடு வாசலில் நின்ற மனிதரை நான் ஒரு மேசையில் இருந்த மூன்று பேருக்காக இல்லாமல் செய்துவிட்டேன்.

"அண்ணை, அது பொய். அப்பா விதானையார் இல்லை. சுருட்டுச் சுத்துறவர். நாங்கள் அந்த வளவிலை குடியிருந்தனாங்கள், அவ்வளவுதான்."

மொழிபெயர்ப்பாளரின் முகம் சிவந்தது. எனக்காக அவர் வெட்கப்பட்டார். டையைச் சரிசெய்தார். அதிகாரி பக்கம் திரும்பி ஜெர்மனில் சொன்னார். எனக்கு எல்லாம் விளங்கவில்லை. ஆனால் ஒரு சொல் விளங்கியது. 'ஃபாப்ரிகான்ட்.' எங்கள் விடுதிக்குப் பக்கத்தில் ஒரு ஃபாப்ரிக் இருந்தது, தொழிற்சாலை. அதன் முதலாளி காரில் வருவார். அவரைத்தான் அப்படிச் சொல்லுவார்கள்.

அட கடவுளே! பிரபு பதவி போய் ஐந்து விநாடி ஆகவில்லை, அப்பா சுருட்டுத் தொழிற்சாலை முதலாளி ஆகிவிட்டார்.

"என்ன அண்ணை சொன்னனீங்கள்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "பொறுமன் தம்பி. கொஞ்சம் மரியாதையாச் சொன்னனான். நாளைக்கு உமக்கும் ஒரு கலியாணம் பேசுற நேரம் வரும்தானே."

அவரை நான் இன்றுவரை குறை சொல்லவில்லை. மனிதர் எனக்குக் கெடுதல் நினைக்கவில்லை. ஒரு நல்ல ஊர்ப்பொடியனை அந்நியன் முன்னால் கீழே விழ விட அவருக்கு மனம் வரவில்லை. ஆனால் நான் அன்று கீழே விழுந்தே தீர வேண்டும்.

அதிகாரியை நேராகப் பார்த்தேன். "நைன்" என்றேன். இல்லை. பிறகு தேடினேன். என்னிடம் இருந்த முதல் சொல் வந்தது. "அர்பைட்டர்." தொழிலாளி. இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்து, இல்லாத ஒரு புகையிலையைச் சுற்றிக் காட்டினேன்.

அதிகாரி என்னைப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். மறுபடி என் கைகளைப் பார்த்தார்.

"அப்படியானால் ஏன் பொய் எழுதினீர்கள்? எங்களிடம் என்ன கிடைக்கும் என்று நினைத்தீர்கள்?"

"உங்களுக்கு எழுதேல்லை" என்றேன். "அந்த மேசையிலை எங்கட ஆக்கள் மூண்டு பேர் இருந்தவை. அவைக்குத்தான் எழுதினனான்."

மொழிபெயர்ப்பாளர் டையைத் தளர்த்தினார். பிறகு தொடங்கினார். நான் சொன்னது இரண்டு வரி. அவர் இரண்டு மூன்று நிமிடம் சொன்னார். கையை விரித்து, தலையை ஆட்டி, ஒருமுறை தன் நெஞ்சையும் தொட்டு... என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அதிகாரி ஒலிப்பதிவுக் கருவியைப் பின்னுக்கு ஓட்டி, பிரபு இருந்த இடத்தை அழித்துப் புதிதாக ஒரு வரி சொன்னார். பிறகு பதினெட்டு நாளைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார்.

முடிவுக் கடிதம் வர இன்னும் ஒரு வருடம் எடுத்தது. ஹெர் பாலோக்கின் சமையலறையில்தான் உறையைப் பிரித்தோம். அவர் வாசித்தார், நான் நடந்தேன். ஓரிடத்தில் அவர் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்து, மறுபடியும் வாசித்து எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார். விண்ணப்பதாரர் தனக்கு அவமானமான ஒரு விஷயத்தை, தனக்கே பாதகமாக, மொழிபெயர்ப்பாளரையும் மறுத்துத் தானாகத் திருத்தினார். ஆகவே அவர் சொன்ன மற்றவையும் நம்பத்தக்கவை. அவர் இங்கேயே இருக்கலாம்.

நான் அன்றுதான் அந்தச் சமையலறையில் முதல் தடவையாகக் கதிரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்து அழுதேன். ஹெர் பாலோக் என் தோளைத் தட்டினார். அவருக்கும் சந்தோஷம்தான். ஆனால் கெஷ்பானை வெட்டிவிட்டார்களே என்று ஒரு சின்ன மனக்குறை, அதை அவரால் மறைக்க முடியவில்லை.

நாம் பொய் சொல்வது பெரும்பாலும் அந்நியனை ஏமாற்ற இல்லை. அவனுக்கு நம் தகப்பன் விதானையாரா, சுருட்டுக்காரரா என்பதில் என்ன அக்கறை? பக்கத்தில் இருக்கிற நம்மவன் என்ன நினைப்பான் — அதற்காகத்தான் இத்தனை பாடு. கடல் கடந்தாலும் அந்த மேசையை மட்டும் கூடவே தூக்கிக்கொண்டு போகிறோம்.

அன்றே அப்பாவுக்கு நீல நிற ஏரோகிராமில் எல்லாவற்றையும் எழுதினேன். ஒன்றையும் மறைக்கவில்லை. விதானையார் ஆக்கியதை, பிரபு ஆனதை, கடைசியில் அவருடைய தொழிலைச் சொல்லித்தான் எனக்கு இங்கே இருக்க இடம் கிடைத்ததை. மன்னித்துக்கொள்ளுங்கோ என்று முடித்தேன். பதில் வருகிறவரை மறுபடியும் நடைதான்.

பதில் வந்தது. அம்மாவுக்குச் சுகம், மழை நல்லது, கிணறு நிறைந்துவிட்டது. ஹங்கேரி அவருக்குத் தெரியுமாம். கொட்டிலில் ஒருவர் பேப்பர் வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டு சுற்றுவார்கள், ஐம்பத்தாறில் அந்த நாட்டுச் சனம் ஓடியதைக் கேட்டுப் பாவப்பட்டாராம். மன்னிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைசியில், இடம் போதாமல், ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தார்:

"நீ எழுதின அந்தக் கெஷ்பான், பென்சன் உள்ள உத்தியோகமோ? உள்ளதெண்டால் அவசரப்பட்டு வெட்டுவிச்சது பிழை."